எழுதப்படாத சீட்டு

“மாண்புமிகு பிரதமர் இப்போது பேசுவார்” என்று அறிவித்தோம். எழுந்தவருக்கு வயது இருபத்திரண்டு. ஊர், திருச்செங்கோட்டை அடுத்த ஒரு சிற்றூர். தந்தையார் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு மாநிலம் மாநிலமாகச் சுற்றுபவர். மகனோ அன்று காலை பத்து மணிக்குச் சென்னை மாகாணத்தின் பிரதமர்! தோளிலே வெள்ளைத் துண்டு. கண்ணிலே எவரிடமோ இரவல் வாங்கிய கறுப்புக் கண்ணாடி. வகுப்பு குலுங்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமீது வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். சிரிப்பு அடங்கிற்று.

அன்று 2024 அக்டோபர் முதல் நாள். சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய கல்லூரி ஒன்றிலே, முதுகலை மாணவர்களுக்கு மக்கள் நல்வாழ்வுக் கொள்கையைக் கற்பிக்கும் பணி நமக்கு. நாளைத் தேர்ந்ததிலே காரணம் இருந்தது. 87 ஆண்டுகளுக்கு முன்பு, 1937ஆம் ஆண்டு அதே அக்டோபர் முதல் நாளன்றுதான் சேலம் மாவட்டத்திலே மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. இந்தியாவிலே ஒரு மாவட்டம் முழுவதற்கும் அப்படி ஒரு சட்டம் வந்தது அதுவே முதல் முறை. அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய அளவினதன்று. நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரி யாவும் அதற்குள் அடக்கம். 1931ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள் தொகை ஏறக்குறைய 24 இலட்சம். அத்தனை பேருடைய பழக்கத்தையும் பிழைப்பையும் ஒரே நாளில் மாற்ற முனைந்த சட்டம் அது.

பாடநூலிலே இந்தச் செய்திக்கு மூன்று வரி. ஆண்டு, மாவட்டம், பிரதமர் இராசகோபாலாச்சாரியார் என்ற பெயர். அடுத்து, மதுவிலக்கின் நன்மைகள் ஐந்து, தீமைகள் ஐந்து. மாணவர்கள் ஐந்தையும் ஐந்தையும் எழுதுவார்கள். நாமும் ஐந்துக்கும் ஐந்துக்கும் மதிப்பெண் வழங்குவோம். பல ஆண்டுகள் இந்தப் பண்டமாற்றுக் குறைவின்றி நடந்தது. ஒருமுறை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, “மதுவிலக்கினால் குடும்பங்களில் மகிழ்ச்சி பொங்கும்” என்ற வரி, தாளுக்குத் தாள் எழுத்துப் பிசகாமல் வரக் கண்டோம். எந்தக் குடும்பங்களில்? எழுதிய பிள்ளைகளிலே பலர் விசைத்தறிக் கூடத்தை அடுத்த ஓட்டு வீட்டிலிருந்து வருபவர்கள். லாரிப் பட்டறையிலிருந்து, சேகோ ஆலையிலிருந்து, கொலுசுக்குக் கண்ணி கோக்கும் திண்ணையிலிருந்து வருபவர்கள். குடி என்பது அவர்களுக்குப் பாடமன்று, மாலை ஏழு மணி. வீட்டிலே கண்டது ஒன்று, விடைத்தாளிலே எழுதுவது வேறொன்று! இடையே சுவர் எழுப்பியவர்களில் நாமும் ஒருவர் என்று உணர்ந்தபோது சிவப்பு மையை மூடி வைத்தோம்.

“மதுவைப் பற்றிய பாடம் உமக்கெதற்கு? அது ஆயத்தீர்வைக்காரர் வேலையல்லவா?” என்று கேட்ட நண்பரும் உண்டு. அரசியலமைப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவை அவருக்குப் பிரித்துக் காட்டினோம். மக்களின் ஊட்டத்தையும் வாழ்க்கைத் தரத்தையும் பொதுநல்வாழ்வையும் உயர்த்துவது அரசின் தலையாய கடமைகளில் ஒன்று என்று கூறும் அதே பிரிவுதான், மருந்துக்கல்லாமல் மது அருந்துவதைத் தடுக்க அரசு முயலவேண்டும் என்றும் கூறுகிறது. சட்டம் வகுத்தோர் சோற்றுப் பானையையும் கள்ளுப் பானையையும் ஒரே அடுப்பிலே வைத்துப் பார்த்தனர். ஆள்வோர்தாம் ஒன்றை நல்வாழ்வுக் கணக்கிலும் மற்றொன்றை வருவாய்க் கணக்கிலும் எழுதிக்கொண்டனர். நம் மாநிலத்துத் துறையின் பெயரையே பாருங்கள்: மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. விலக்குவதும் அவர்களே, விற்றதற்குத் தீர்வை வாங்குவதும் அவர்களே! இதைவிடச் சிறந்த நாடகத் தலைப்பு வேண்டுமா?

ஆகவே நாடகமாகவே நடத்துவது என்று முடிவு செய்தோம்.

நாடகத்தாலே நாட்டைத் திருத்துவது நமக்குப் புதிதன்று. கொட்டகை கொட்டகையாகப் பகுத்தறிவு பரப்பிய நாடு இது. ஆயினும் பழைய மேடையிலே ஒரு குறை இருந்தது. நம் வீட்டுக் குறை என்பதால் மறைக்காமல் சொல்லலாம். “இரத்தக் கண்ணீர்” நாடகத்தை எண்ணிப் பாருங்கள். எம். ஆர். இராதா என்ற மாபெரும் நடிகர், ஆணவத்தையும் போலிப் பெருமையையும் கிழித்தெறிந்த நாடகம். 1954இல் திரைப்படமாகவும் வந்தது. அதிலே மோகனசுந்தரம் ஒழுக்கம் கெட்டுத் திரிகிறான். அதன் விளைவாகத் தொழுநோய் அவனைப் பற்றுகிறது. ஆனால் தொழுநோய் ஒழுக்கக்கேட்டுக்குக் கிடைக்கும் தண்டனையன்று, ஒரு கிருமியின் வேலை என்பதை நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873லேயே கண்டுவிட்டார். சமுதாயத்துக்கு மருந்து கொடுத்த மேடை, நோயாளிக்கு மட்டும் பழியைக் கொடுத்தது! கைதட்டலிலே அதை எவரும் கவனிக்கவில்லை. எழுதி வைத்த உரையாடல், முன்பே தெரிந்த தீயவன், முடிவிலே தண்டனை என்ற அமைப்பிலே பார்ப்பவன் உருகலாம், ஆராய முடியாது. நாம் விரும்பியது வேறு. உரையாடல் எழுதித் தரப்படமாட்டாது. தீயவன் என்று எவனும் இருக்கமாட்டான். ஒவ்வொருவரும் தத்தம் இடத்திலிருந்து நியாயம் பேசவேண்டும். முடிவு என்னவாகும் என்பது நமக்கும் தெரியாது.

1937 செப்டம்பரில், சட்டம் நடைமுறைக்கு வருமுன், சேலத்திலே ஒரு விசாரணை அவை கூடுவதாகக் கற்பனை. அப்படி ஓர் அவை உண்மையில் கூடியதில்லை. கூடியிருந்தால் என்பதே பாடம். பதினான்கு பாத்திரங்கள், இருபத்தெட்டு மாணவர்கள். பாத்திரம் ஒன்றுக்கு இருவர்: ஒருவர் பேச, ஒருவர் காதோடு ஓத. பிரதமர், நிதிச் செயலாளர், மாவட்ட ஆட்சித் தலைவர், அரசு மருத்துவர், காவல் ஆய்வாளர், எதிர்க்கட்சி உறுப்பினர், ஏட்டாசிரியர், தோப்புக்காரர், மரமேறி, கள்ளுக்கடைக் குத்தகைதாரர், குடிக்கும் நெசவாளி, குடிக்காத நெசவாளி, தொடக்கப்பள்ளி ஆசிரியர், தேநீர்க்கடை வைக்க விரும்பும் ஒருவர். ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. அதிலே அவருடைய வருமானம் என்ன, அச்சம் என்ன, அவர் அறியாதது என்ன என்று எழுதியிருந்தோம். இன்னின்ன கருத்தைச் சொல் என்று எழுதவில்லை. சீட்டுகளை ஒரு சொம்பிலே போட்டுக் குலுக்கி எடுக்கச் செய்தோம். விரும்பிய வேடத்தை எடுக்கவிட்டால் அவரவர் தமக்குப் பிடித்த கட்சியையே பேசுவர் அல்லவா? விதி இரண்டு: “நான்” என்றே பேசவேண்டும், 1937க்குப் பிறகு நடந்தது எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. மீறினால் மணி அடிக்கப்படும்.

ஆயத்தம் செய்ய மூன்று வாரம். நூலகத்துக்குப் போனவர் சிலர். வீட்டுக் கிழவர்களிடம் போனவர் பலர். பின்னவர்களே மிகுதியாகக் கொண்டுவந்தார்கள்.

பிரதமர் நன்றாகவே பேசினார். சேலம் நகராண்மைக்குத் தலைமை வகித்தது, 1925 முதல் திருச்செங்கோட்டுப் பகுதியிலே ஆசிரமம் நடத்திச் சிற்றூர் மக்களோடு பழகியது, மதுவிலக்குக்கென்றே 1929இல் “விமோசனம்” என்ற ஏட்டைத் தொடங்கியது எல்லாவற்றையும் அடுக்கி, “இந்த மண்ணை அறியாமல் நான் சட்டம் கொண்டுவரவில்லை” என்றார். நிதிச் செயலாளர் எழுந்தார். ஒல்லியான பெண், இராசிபுரத்துக்காரர். “மாகாண வருவாயிலே ஏறக்குறையக் கால்பங்கு மதுவால் வருகிறது. எந்தப் பள்ளியை மூடுவது, எந்த மருத்துவமனையை மூடுவது என்பதைப் பிரதமர் பட்டியலிட்டுத் தந்தால் நாளையே ஆணை எழுதிவிடுகிறேன்” என்றார், புன்னகை மாறாமல். பிரதமர் தடுமாறி, “விற்பனை வரி போடுவோம்” என்றுவிட்டார். மணி அடித்தோம்: விற்பனை வரிச் சட்டம் வந்தது 1939இல்! ஆனால் எதிர்க்கட்சி உறுப்பினர் அதை விடுவாரா? “பிரதமர் உள்ளத்திலிருப்பது வெளியே வந்துவிட்டது. குடிப்பவன் கட்டிய பணத்தை இனிக் குடிக்காதவனும் கட்டவேண்டும். உப்பு வாங்கும் கிழவியும் கட்டவேண்டும்!” என்று முழங்கினார். மேசைகள் தட்டப்பட்டன. மதுவிலக்கைப் பற்றிய பாடத்திலே வரிக்கொள்கை இப்படித்தான் நுழைந்தது. ஐந்து நன்மை, ஐந்து தீமைப் பட்டியலிலே அது ஒருநாளும் நுழைந்ததில்லை.

மருத்துவராக வந்தவர்பாடு திண்டாட்டம். படிப்பாளிப் பிள்ளை. மது புற்றுநோய்க்குக் காரணம் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் உறுதி செய்ததை எடுத்துவிட்டார். மணி! அது 1988. எந்த அளவும் தீங்கற்றதன்று என்று உலக நல்வாழ்வு அமைப்பு சொன்னதை எடுத்தார். மணி! அது 2023. “அப்படியென்றால் நான் எதைத்தான் பேசுவது?” என்று நொந்துகொண்டார். பிறகு சற்று நின்று, “எனக்குத் தெரிவதெல்லாம் ஈரல் வீங்கி வருகிறவனைத்தான். ஆனால் அவனை நான் பார்க்கும்போது நேரம் கடந்துவிடுகிறது” என்றார். அவர் பேசியதிலே அதுவே உருப்படியானது. கொள்கை வகுப்போர் நிறைந்த அறிவோடு முடிவு செய்வதில்லை, கையிலுள்ள அரைகுறை அறிவைக்கொண்டே முடிவு செய்கிறார்கள் என்பதை எத்தனையோ முறை விரிவுரையாற்றியிருக்கிறோம். ஒரு மணி இரண்டு முறை ஒலித்ததும் புரிந்துவிட்டது!

ஏட்டாசிரியர் அமெரிக்காவை இழுத்தார்: 1920இல் தொடங்கிய மதுவிலக்கை 1933இல் கைவிட்டார்களே, பின்லாந்தும் 1932இல் கைவிட்டதே, அவர்களால் ஆகாதது சேலத்தால் ஆகுமா என்று. இது விதிக்கு உட்பட்டதால் மணி ஒலிக்கவில்லை. காவல் ஆய்வாளரோ அமெரிக்கா வரை போகவில்லை. “பள்ளிபாளையத்திலே கடையை மூடிவிடலாம். ஆற்றுக்கு அக்கரையில் ஈரோடு. அது கோயமுத்தூர் மாவட்டம், சட்டம் அங்கே செல்லாது. காவிரிக்குப் பூட்டு போட எனக்கு ஆணையிடுவீர்களா?” என்றார். தோப்புக்காரரைப் பார்த்து ஒருவர், “1921இலே இதே சேலத்துத் தாதம்பட்டியிலே கள்ளுக்கு விடக்கூடாதென்று பெரியார் தம் தென்னைகளை வெட்டிச் சாய்த்தாரே, நீர் செய்வீரா?” என்று கேட்க, “அவர் வெட்டியது அவருடைய தோப்பு. நீங்கள் வெட்டச் சொல்வது என் தோப்பு” என்று விடை வந்தது. இன்னொருவர் எழுந்து, “மணி அடியுங்கள்! பெரியார் என்ற பட்டம் 1938இலே பெண்கள் மாநாட்டிலே வந்தது. இப்போது அவர் ஈ.வெ.ரா.!” என்றார். அடித்தோம். தோப்பையே வெட்டிய அதே பெரியார், பிற்காலத்திலே சட்டத்தால் மதுவிலக்குச் செய்வதை எதிர்த்தவருமாவார் என்பது அன்று மாலை விவாதத்துக்கு உதவிற்று. ஒருவர் தம் கருத்தை மாற்றிக்கொள்வதற்குப் பின்னேயும் காரணங்கள் இருக்கக்கூடும் என்று கேட்க மாணவர்களுக்கு வியப்பு.

இவையெல்லாம் இனிமையாகவே நடந்தன. அவை திசைமாறியது மரமேறி எழுந்தபோது. அவர் நாமக்கல் லாரிப் பட்டறைக்காரர் மகன். பனையேறிப் பழக்கமில்லாதவர். ஆனால் விடுமுறையிலே, முன்பு மரமேறிய பெரியவர் ஒருவரிடம் போய் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறார். இடுப்புக் கயிற்றையும் காலில் மாட்டும் தளைநாரையும் கேட்டு வாங்கி வந்திருந்தார். மேசைமீது அவற்றை வைத்துவிட்டுப் பேசினார்:

“எசமானுங்களே, கள்ளு இறக்காதே, பதநீர் இறக்கு, வெல்லம் காய்ச்சு என்கிறீங்க. சரிங்க. மரம் அதேதானுங்க. பாளையும் அதேதான், கலயமும் அதேதான். கலயத்துக்கு உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள்ளு. ரெண்டுக்கும் நடுவிலே இருக்கிறது விரல் நுனிச் சுண்ணாம்புங்க. அதைப் பார்க்கிறதுக்கு ஐயா ஒவ்வொரு மரமா ஏறுவீங்களா?”

காவல் ஆய்வாளர் மரத்தின் உயரத்தை எண்ணிப் பார்ப்பவர்போல் கூரையைப் பார்த்தார்.

“இன்னொன்றுங்க. கள்ளு இறக்கினால் கடைக்காரர் வந்து எடுத்துக்குவார். பதநீரை அன்றன்றே காய்ச்சவேணும். விறகு வேணும். அடுப்படியிலே நாள் முழுக்க நின்று கிண்டவேணும்.”

“யார் கிண்டுவது?” என்று கேட்டார் ஆட்சித் தலைவர், குறிப்பெழுதிக்கொண்டே.

“வீட்டுக்காரிதானுங்க.”

அப்போது கை ஒன்று உயர்ந்தது. குத்தகைதாரரின் கை.

அவரைப் பற்றி இங்கே கூறவேண்டும். பள்ளிபாளையத்துத் தறிக்குடும்பத்துப் பெண். வகுப்பிலே வாய் திறவாதவர். வருகைப் பதிவின்போது “உள்ளேன்” என்பது ஒன்றே அவர் குரலாக நாம் கேட்டது. குத்தகைதாரர் சீட்டு அவர் கையில் விழுந்தபோது, சீட்டை மாற்றிக்கொள்கிறாயா அம்மா என்று கேட்கலாமா என்று ஒரு கணம் எண்ணி விட்டுவிட்டோம். ஆனால் அன்று காலை அவர் பேசிய பேச்சு! “நான் திருடவில்லை. அரசு ஏலம் விட்டது, நான் எடுத்தேன். பணம் கட்டினேன், இரசீது இருக்கிறது. என் கடைக்கு வருபவனை நான் கையைப் பிடித்து இழுத்ததுண்டா? வீட்டிலே நிம்மதி இல்லையென்று அவனாக வருகிறான். கடன் சொன்னால்கூட முகம் சுளிக்காமல் ஊற்றுகிறேன். என்னைக் குற்றவாளி என்றால், எனக்கு ஏலம் விட்டவரை என்னவென்பது?” என்று, அழுத்தி, நிதானமாக, உதட்டோரத்திலே ஏளனம் தொனிக்க. அவை உறைந்துபோயிற்று. கேட்டபோது நமக்கே ஒரு நொடி அது சரியென்று பட்டது, அதுதான் அச்சமூட்டியது.

அவர்தாம் கை உயர்த்தினார். “அந்த அம்மாள் எங்கே? அடுப்படியிலே நிற்கப்போகிற அம்மாள். அவருடைய சீட்டு யாரிடம் இருக்கிறது?”

எல்லோரும் நம்மைப் பார்த்தனர்.

பதினான்கு சீட்டுகள் எழுதியிருந்தோம். குடிப்பவனுக்கு ஒன்று, குடிக்காதவனுக்கு ஒன்று, தேநீர்க்கடை வைக்கப்போகிறவனுக்குக்கூட ஒன்று. மனைவிக்கு எழுதவில்லை. மறந்தோம் என்றும் சொல்வதற்கில்லை. “மாதர் சார்பில் ஒரு மனு” என்று எழுதி, அழகாக மடித்து, அவைத்தலைவர் மேசைமீது வைத்திருந்தோம். 1921இலே ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலை நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்று நடத்தியதை ஆண்டுதோறும் பெருமையோடு பாடம் சொல்பவர்கள் நாம்! மனுவைச் சுட்டிக் காட்டினோம்.

“மனு அங்கே இருக்கிறது, அம்மா.”

“அந்த மனுவை நான் குறுக்குக் கேள்வி கேட்கலாமா?”

“கேட்கலாம்.”

“பதில் யார் சொல்லுவாங்க?”

மணியை எடுத்தோம். எதற்கென்று தெரியவில்லை. வைத்துவிட்டு, “உணவுக்குப் பின் அவை கூடும்” என்றோம். ஆள்வோர் எல்லாரும் இத்தகைய நேரத்தில் அவையை ஒத்திவைப்பது ஏன் என்பதும் அன்று விளங்கிற்று.

உணவு நேரத்திலே அந்தப் பெண்ணை அழைத்து, பதினைந்தாவது சீட்டை நீயே எழுது என்றோம். எழுதினார். நாம் எழுதிய சீட்டுகளிலே நான்கைந்து வாக்கியங்கள் இருக்கும். அவர் எழுதியது வெறும் வாரக்கணக்கு. சனிக்கிழமை கூலி இவ்வளவு, வீட்டுக்கு வருமுன் கடையிலே இவ்வளவு, பழைய கடனுக்கு வட்டி இவ்வளவு, மிச்சம் இவ்வளவு, பிள்ளைகள் மூன்று. கீழே ஒரு வரி: “கடையை மூடுவதும் திறப்பதும் உங்கள் விருப்பம். கூலியை யார் கையில் கொடுப்பது என்று என்னைக் கேளுங்கள்.” மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்று அதிலே எழுதவே இல்லை.

அந்தச் சீட்டையும் குலுக்கினோம். அது ஓர் இளைஞர் கைக்குப் போயிற்று. காலையில் பிரதமரின் காதோடு ஓதிக்கொண்டிருந்தவர். முந்தானைபோல் துண்டைப் போர்த்திக்கொண்டு எழுந்தார். பின்வரிசையிலே இருவர் கிளுகிளுத்தனர். அவரும் குரலை மெலிதாக்கி இரண்டு சொல் பேசிப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துவிட்டுத் தம் சொந்தக் குரலிலேயே அந்தக் கணக்கை வரி வரியாகப் படித்தார். மிச்சம் என்ற இடம் வந்ததும் நிறுத்தி, பிரதமரைப் பார்த்து, “இதிலே மூன்று பிள்ளைகளுக்கு என்ன சமைப்பது என்று தாங்கள்தாம் சொல்லவேண்டும்” என்றார். குத்தகைதாரரும் அவரைக் குறுக்குக் கேள்வி கேட்டார். இரக்கம் காட்டவில்லை. “கடை மூடினால் உன் கணவன் திருந்திவிடுவானா?” “தெரியாது.” “பின் எதற்கு மூடச் சொல்லுகிறாய்?” “நான் சொல்லவில்லையே. என்னை இதுவரை யாரும் கேட்கவில்லையே.” இந்த வினாவிடையை நாம் எழுதித் தரவில்லை என்பதை மீண்டும் கூறிக்கொள்கிறோம்.

வாக்கெடுப்பிலே சட்டம் நிறைவேறியது, இரண்டு திருத்தங்களோடு. வெல்லம் காய்ச்சும் குடும்பத்துக்கு விறகும் விலையும் அரசு பொறுப்பேற்கவேண்டும் என்பது ஒன்று. தறி முதலாளிகள் கூலியிலே பாதியை மனைவியிடம் கொடுக்கவேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதை நிதிச் செயலாளர் எதிர்த்தார், காசு செலவில்லாத திருத்தம் என்றாலும்! வழக்கம் என்றார்.

வேடங்களைக் கலைத்த பிறகு நடந்த உரையாடலே பாடத்தின் பெரும்பகுதி. இனி மணி இல்லை, ஆண்டுக்கு வரம்பு இல்லை. 1937க்குப் பின் நடந்தவற்றைக் கரும்பலகையிலே எழுதினோம். 1948இல் ஓமந்தூரார் ஆட்சியிலே மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971இல் தளர்வு. 1974இல் மீண்டும் விலக்கு. 1981இல் மீண்டும் திறப்பு. 1983இல் டாஸ்மாக் நிறுவனம். 1987இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசே நடத்துவது. 2023-24ஆம் ஆண்டிலே அதன் வழி வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். “அப்படியானால் இப்போது குத்தகைதாரர் யார்?” என்று கேட்டார் மரமேறி. யாரும் விடை கூறவில்லை. கூறத் தேவையுமில்லை. எதிர்க்கட்சி உறுப்பினராக இருந்தவர் மட்டும், அந்தப் பணத்திலேதான் நமக்குக் கல்லூரி உதவித்தொகையும் வருகிறது என்பதையும் பலகையில் எழுதுங்கள் என்றார். எழுதினோம்.

ஆத்தூரிலிருந்து வரும் மாணவி ஒருவர் பேசினார். 2024 சூன் திங்களிலே கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லவா? பலரைச் சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தனர். அவர்கள் ஊரின் வழியேதான் சாலை. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்நரம்பைத் தாக்கும் என்பதைப் பாடத்திலே படித்திருந்தார். “வண்டிகள் போவதை வாசலிலே நின்று பார்த்துக்கொண்டிருந்தோமுங்க. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் என்று அரசு அறிவித்தது. அது நியாயம்தான். எங்கள் தெருவிலே ஓர் அக்கா இருக்கிறார். அவர் கணவர் அரசுக் கடையிலே வாங்கித்தான் குடித்தார், பத்து ஆண்டு. ஈரல் கெட்டுப் போன மாதம் இறந்தார். அந்த அக்கா என்னைக் கேட்டார்: ஒரே இரவில் செத்தால்தான் கணக்கா என்று.” சேலம் மாவட்டத்தில் பிறந்து, மதுக்கடைகளை மூடச் சொல்லிப் போராடியே 2015இல் உயிரிழந்த காந்தியவாதி சசிபெருமாளைப் பற்றி அடுத்துப் பேசலாமென்று குறிப்பு வைத்திருந்தோம். பேசவில்லை. அந்தக் கேள்வியை அந்தப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டு வெளியே வந்தோம். அரைமணி கழித்துப் போனபோதும் அவர்கள் அதே கேள்வியிலே இருந்தார்கள். தொலைவிலே தெரிந்த கொல்லிமலைமீது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது.

இந்த முறையிலே இடர் இல்லை என்று கூறமாட்டோம். சொம்பிலே குலுக்கும்போது எவர் கையிலே எவருடைய வாழ்க்கை விழும் என்பது குலுக்குபவருக்குத் தெரியாது. குத்தகைதாரர் பேச்சை எங்கே கற்றாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்டபோது, “சின்ன வயசிலே அப்பாவைக் கூட்டிவர அம்மா என்னைத்தான் அனுப்புவாங்க. கடை மேசைக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டதுங்க” என்றார். சீட்டை மாற்றித் தந்திருக்கலாமோ என்று கேட்டோம். “வேணாமுங்க. அந்தப்பக்கம் நின்று ஒருநாளாவது பேசினேனே” என்றார். இதற்கு மதிப்பெண் எத்தனை இடுவது?

மாலையில் திருச்செங்கோட்டுப் பேருந்திலே மாணவர்களோடு நாமும் ஏறினோம். மறுநாள் அக்டோபர் இரண்டு, காந்தியார் பிறந்த நாள், கடைக்கு விடுப்பு. எனவே முதல் நாள் மாலையே கூட்டம் கூடிவிட்டது. நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த டாஸ்மாக் கடை ஒன்றிலிருந்து வரிசை புளியமரத்தடி வரை நீண்டு கிடந்தது; பைகளோடு, சட்டைப் பையைத் தடவிக்கொண்டு. பேருந்து அங்கே வேகத்தடைக்காக மெதுவாயிற்று. பிரதமர் சன்னலோரத்திலே தூங்கிக்கொண்டிருந்தார். மரமேறி, கயிற்றையும் தளைநாரையும் மடியிலே வைத்திருந்தார். முன் இருக்கையிலிருந்த அந்தப் பெண் மட்டும் கழுத்தை நீட்டி, வரிசையிலே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்; கடைசி முகம் மறையும் வரை.

“உன் ஊர் இங்கிருந்து எத்தனை தொலைவு அம்மா! இங்கே யார் இருக்கப்போகிறார்கள்?” என்றோம்.

“தெரியுமுங்க ஐயா” என்றார். “பழக்கமுங்க.”